நாலு நாள் மரியாதை

வீட்டுக்கு வெளியாள் வந்திருக்கும்போது சண்டை போடக்கூடாது என்பது பொன்மலருக்கும் அவள் கணவர் தவசிமுத்துவுக்கும் இடையில் இருந்த எழுதாத ஒப்பந்தம். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று தெருவில் சொல்வார்கள். ஆகையால் நலவாழ்வு வாரியத்து அதிகாரி ஒருத்தி பத்து நாளைக்குத் தினமும் வந்து கூடத்தில் உட்காரப் போகிறாள் என்று கடிதம் வந்ததும், கலந்து பேசாமலேயே இருவரும் மரியாதைக்கு மாறிவிட்டார்கள்.

முதல் நாள் காலையில் காப்பியை நீட்டி, "எடுத்துக்கிடுங்க" என்றாள் பொன்மலர்.

"நீ குடிச்சியாம்மா?" என்றார் தவசிமுத்து.

அம்மா போட்டுக் கூப்பிட்டதும் அவளுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதிகாரி கவனிக்கிறாளே என்று சிரித்து வைத்தாள்.

அதிகாரியின் பெயர் நிலோபர். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் வந்தது இவர்களுக்காக அல்ல. கூடத்தின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே, கட்டிலில் படுத்திருந்த இசக்கிராஜுக்காக.

இசக்கிராஜ் பொன்மலரின் தம்பி. வயது முப்பத்தெட்டு. பிறந்தபோதே மூளைக்கு மூச்சு போதாமல் போனதால் பேச்சு இல்லை, உட்காரும் தெம்பு இல்லை, கைகள் இரண்டும் மடங்கியே இருக்கும். கூழாக மசித்துக் கொடுத்தால் விழுங்குவான். கழுத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்புவான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அம்மா இருக்கும்வரை அம்மா பார்த்தாள். அவள் போனபின் பொன்மலர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவள் கூடத்துக்கு வந்து நின்று, "தம்பியும் என்கூட வருவான். சம்மதம்னா பஜ்ஜிய எடுத்துக் கடிங்க" என்று சொல்லிவிட்டாள். தவசிமுத்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்து முடித்து இன்னொன்றும் எடுத்தார். அந்த இரண்டாவது பஜ்ஜிக்காகத்தான் அவரை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருப்பதாக அவள் சொல்வாள்.

தவசிமுத்துவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் பளு தூக்கும் கிரேன் ஓட்டும் வேலை. இப்போதெல்லாம் யாரும் அங்கே மேலே ஏறி உட்காருவதில்லை. வீட்டுச் சின்ன அறையில் நாற்காலியில் அமர்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலால் நாற்பது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைப்பார். பிறகு எழுந்து வந்து, ஐம்பத்திரண்டு கிலோ மச்சினனை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, சொந்த இடுப்பால் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவார். விஞ்ஞானம் கப்பல் வரைக்கும் வந்துவிட்டது, கூடம் வரைக்கும் வரவில்லை.

நிலோபர் இசக்கிராஜின் காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒன்றை ஒட்டினாள். சுவரில் ஒரு சிறிய திரையை மாட்டினாள். திரையில் ஒரு கோடு ஓட ஆரம்பித்தது. அதன் ஓரத்தில் ஓர் எண்.

"இதுதான் நிறைவுமானி" என்றாள். "உள்ளுக்குள்ள மனசு எவ்வளவு நிறைவா இருக்குன்னு பூஜ்யத்திலேருந்து நூறு வரைக்கும் காட்டும்."

"அவன் என்ன நினைக்கான்னு சொல்லுமா?" என்று ஆசையோடு கேட்டாள் பொன்மலர்.

"சொல்லாதுக்கா. வெயிலா மழையான்னு மட்டும் சொல்லும். எதனால வெயிலடிக்குன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

"சரி, அதை வச்சு என்ன செய்வீங்க?"

நிலோபர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கசப்பான விஷயத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள் என்பது அதிலேயே தெரிந்தது. "பத்து நாள் நம்ம கடலோர இல்லத்துல அவுங்களை வச்சிருந்தோம்ல? அங்க சராசரி அறுபத்தொண்ணு. இங்க பத்து நாள் எடுப்போம். எங்க கூடுதலா வருதோ, இனிமே அவுங்க அங்கதான் இருக்கணும். புதுச் சட்டம் அது."

"நான் கூடப்பொறந்தவ இருக்கும்போதா?"

"இதுவரைக்கும் கூடப்பொறந்தவங்களைத்தான்க்கா கேட்டாங்க. அப்பா அம்மாவைக் கேட்டாங்க, டாக்டரைக் கேட்டாங்க. இவுங்களை யாரும் கேட்டதில்ல. கேக்க வழி இல்லாம இருந்துச்சு. இப்ப வழி வந்திருக்கு. உங்களுக்கு எதிரா எதுவும் இல்லக்கா."

நிலோபர் சொல்வதில் நியாயம் இருந்தது, அதனால்தான் பொன்மலருக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஒரே ஒரு விஷயம்" என்றாள் நிலோபர். "நீங்க வழக்கம்போல இருங்க. நான் ஒருத்தி இங்க இல்லேன்னு நினைச்சுக்கிடுங்க."

"அதெப்படி, வீட்டுக்கு வந்த பிள்ளைய இல்லேன்னு நினைக்க முடியும்? முதல்ல காப்பியக் குடிங்க" என்றாள் பொன்மலர்.

கடலோர இல்லத்தைப் பொன்மலர் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் இயந்திரக் கை. அது தூக்கும், குளிப்பாட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கும். நடுவில் 'ஐயோ என் இடுப்பு' என்று சொல்லாது. ஜன்னலைத் திறந்தால் கடல். அங்கே தம்பி இருந்த பத்து நாளும் வீட்டில் தான் அழுதுகொண்டே இருந்ததாக அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அழுதது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நாளும் ஏழு ஏழு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்ததும் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

முதல் நாள் முடிவில் திரை நாற்பத்தாறு காட்டியது.

"பொட்டு சரியா ஒட்டலையோ?" என்றாள் பொன்மலர்.

"நல்லாத்தான்க்கா ஒட்டியிருக்கு."

மறுநாள் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வரிசையாகச் செய்வது என்று தீர்மானித்தாள். காலையில் கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கூழ். அவனுக்கு அது உயிர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். கரண்டி வாய்க்குப் பக்கத்தில் போனதும் கோடு மாடிப்படியில் உருண்ட தேங்காய் மாதிரி இறங்கியது. நாற்பது. முப்பத்தைந்து. இருபத்தொன்பது.

பொன்மலர் கரண்டியைப் பின்னால் எடுத்தாள். முப்பத்தாறு. திரும்ப முன்னால் கொண்டுபோனாள். முப்பது.

"பத்தொம்பது வருசமா இதைத்தானடா ஊட்டுதேன்" என்றாள்.

தவசிமுத்து மட்டும் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்தார். முந்திரியும் முட்டையும் போட்டுச் செய்த அந்த வெள்ளைக் கூம்பில் ஒரு விள்ளலை மச்சினன் நாக்கில் வைத்தார். தானாகக் கரையும் பண்டம், விழுங்கக் கஷ்டமில்லை. கோடு எழுபதுக்குப் போயிற்று. "பாத்தியா, மாப்பிளைக்கு நம்ம ஊரு பலகாரம்தான் பிடிக்கி" என்று இன்னொரு விள்ளல் வைத்தார். ஆனால் நாள் முழுவதும் மக்ரூன் கொடுக்க முடியாது. கரைந்து முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் கோடு பழையபடி நாற்பத்தைந்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பழைய பாட்டுகள் போட்டுப் பார்த்தார்கள். நகரவில்லை. சக்கர நாற்காலியில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். நிலோபர் கையோடு கொண்டுவந்த பலகைத் திரையில் கோடு கொஞ்சம் ஏறியது, வீட்டுக்குத் திரும்பியதும் இறங்கியது. கோடு இறங்க இறங்க இவர்கள் மரியாதை ஏறியது. "சிரமம் இல்லேன்னா அந்தத் துண்டை எடுத்துத் தருவீங்களா?" என்றாள் பொன்மலர். "அதுக்கென்னம்மா, சந்தோசமா" என்றார் அவர். நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஜெசிந்தா வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல யாருக்கும் உடம்பு சுகமில்லையா? சத்தத்தையே காணோமே" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை சராசரி நாற்பத்தேழு. பொன்மலர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். தான் ஊட்டிய கூழ் பிடிக்கவில்லை. தான் போட்ட பாட்டு பிடிக்கவில்லை. தன்னையே அவனுக்குப் பிடிக்காதோ? இத்தனை வருடம் அவனுக்காக வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவள், அவனை ஒரு நாள்கூடக் கேட்டுப் பார்க்காமல் வாழ்ந்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் காலையில் தவசிமுத்துவின் கண்ணாடியைக் காணவில்லை.

"பொன்மலரம்மா, என் கண்ணாடியப் பாத்தியா?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"இல்லீங்களே."

"கட்டில் ஓரத்துலதான் வச்சேன்."

"அப்ப அங்கதான் இருக்கும்."

"அங்க இருந்தா நான் ஏன் கேக்கேன்?" குரலில் கொஞ்சம் உப்பு ஏறியது. "எட்டு மணிக்குக் கப்பலு. நீ எடுத்து ஒதுங்க வச்சிருப்ப."

"நான் தொடவே இல்ல."

"தொடாம எங்க போவும்? ஆள் வந்திருக்குன்னு நாலு நாளா வீட்டையே ஒதுங்க வச்சாச்சு. முந்தாநாள் தேட ஆரம்பிச்ச லுங்கி இன்னைக்குத்தான் கெடச்சுது. அதுவும் அரிசி டப்பா பக்கத்துல."

"கழத்துன எடத்துலயே போட்டா, அது கால் மொளைச்சுப் பொட்டிக்குள்ள போவுமா?"

"ஏட்டி, நாப்பது டன்னு அந்தரத்துல தொங்கப்போவுது."

"தொங்கட்டும். ஆண்டவன் குடுத்த கண்ணு பத்தலன்னு ரெண்டு வாங்கி மாட்டுனீய, அதையும் கழத்தி வச்சிட்டு எங்கிட்ட வந்து கேப்பீய. உங்க அக்கா வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான், செருப்ப விட்டுட்டு வந்து நான் போயி..."

"எங்க அக்காவ ஏம்ட்டி இழுக்க?"

நாலு நாள் அடைத்துவைத்த தண்ணீர். மடை உடைந்தால் நிற்குமா? "அக்கா" என்று நிலோபர் இரண்டு தடவை கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. மூன்றாவது தடவை அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அப்போதுதான் அதிகாரி இருப்பது நினைவுக்கு வந்து இருவரும் வெலவெலத்துப்போய்த் திரும்பினார்கள்.

"நிறுத்தாதீங்க" என்றாள் நிலோபர். விரல் திரையைக் காட்டியது.

எண்பத்து நாலு.

கட்டிலில் இசக்கிராஜின் வாய் திறந்திருந்தது. தோள் குலுங்கியது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பொன்மலருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். இவர்கள் சண்டை போடும்போதெல்லாம் வரும். அவன் பயந்துபோய் அழுகிறான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். 'மெதுவாப் பேசுங்க, பிள்ள பயப்படுதான்' என்று எத்தனை நல்ல சண்டையை அவள் பாதியில் நிறுத்தியிருக்கிறாள்.

"சிரிக்கானா?" என்றாள் மெதுவாக.

"விழுந்து விழுந்து சிரிக்காங்க" என்றாள் நிலோபர்.

தவசிமுத்துவுக்குச் சிரிப்பதா சண்டையைத் தொடர்வதா என்று தெரியவில்லை. பொன்மலருக்கோ நாலு நாள் துக்கமும் சேர்ந்து பொங்கியது. "இத்தனை நாளும் நான் வாயை மூடிட்டு இருந்தது எதுக்கு? இவன் இங்க இருக்கணும்னுதான? உங்களுக்கு அந்த எண்ணம் இருக்கா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

மனிதருக்குப் பொய் வராது, அதுதான் அவரிடம் பெரிய தொல்லை.

"அங்க இருந்தா என்னன்னு நினைச்சேன்ட்டி" என்றார். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நாளும் நீ இடுப்பப் பிடிக்காம எந்திரிச்ச. உன் மொகமே வேற மாதிரி இருந்துச்சு."

"என் தூக்கத்தைக் கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தீயளா?" என்றாள் பொன்மலர். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இது சண்டை இல்லை, வேறு ஏதோ. அவருக்கும் அது தெரிந்தது.

திரையில் எண் சரிய ஆரம்பித்தது. எழுபது. ஐம்பத்திரண்டு. முப்பத்து மூன்று. இசக்கிராஜின் சத்தம் நின்றுவிட்டது. அவன் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது மட்டுமல்ல, எது விளையாட்டு, எது வினை என்று பிரித்தும் பார்க்கிறான்.

தவசிமுத்து தொண்டையைச் செருமினார். "அது கெடக்கட்டும். சாம்பார்ல உப்பு இல்ல."

"இன்னும் சாம்பாரே வைக்கலயே."

"வைக்கலேன்னாலும் இருக்காது. பத்தொம்பது வருசமா பாத்துட்டுதான இருக்கேன்."

"நாக்குல உப்பு இருந்தா சாம்பார்ல தெரியும்" என்றாள் பொன்மலர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாலும் அதில் உண்மையான சூடு இருந்தது. கோடு மெல்லத் தலைதூக்கியது. நாற்பத்தைந்து. அறுபது. கண்ணாடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வழக்கமாக அங்கேதான் கிடக்கும்.

ஆறாம் நாள் இருவரும் தயாராக வந்தார்கள். காலை ஏழு மணிக்கே தவசிமுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன இட்லி இது, கல்லு மாதிரி?" என்று நாடகத்துக்கு வந்த ராஜா மாதிரிக் கேட்டார். பொன்மலர் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டே, "பிடிக்கலேன்னா ஹோட்டல்ல போயி சாப்பிடுங்க" என்றாள். இசக்கிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். முப்பத்தெட்டு. குரலை உயர்த்தினார்கள். முப்பத்தாறு.

நிலோபர் எழுந்து கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின்மேல் போட்டாள். "இனிமே பத்தாம் நாள்தான் எடுப்பேன்" என்றாள். "அண்ணாச்சி, நீங்க வேலையப் பாருங்க. அக்கா, நீங்க உங்க வேலையப் பாருங்க. பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

திரை இல்லாவிட்டால் நடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அரை மணி நேரத்தில் வீடு வீடாயிற்று. ஒன்பதே காலுக்கு ஒரு கால் செருப்பைக் காணவில்லை. பதினொன்றுக்குச் சின்ன அறை ஃபேனை யார் அணைக்காமல் விட்டது என்ற விசாரணை. மத்தியானம் ரிமோட். ஜெசிந்தா சுவரோரம் வந்து நின்று, "இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றாள்.

எட்டாம் நாள் நிலோபர் மடியில் இருந்த பலகையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். கடிகாரம் தப்பாக ஓடுகிறதோ என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு பொன்மலரைச் சமையலறை வாசலுக்கு அழைத்துப்போய்க் காதோடு சொன்னாள்.

"அக்கா, சண்டை வந்ததும் கோடு ஏறணும். அதுதான முறை? இங்க சண்டைக்குப் பத்து நிமிசம் முன்னாடியே ஏற ஆரம்பிக்கி. முக்கால்வாசி சண்டைக்கு இப்படித்தான்."

"அதெப்படி, சண்டை வரப்போவுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் எனக்கும் புரியல. வாங்க, இங்க நின்னு பாப்போம்."

இருவரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். தவசிமுத்து வந்தார். மச்சினன் தலையைத் தடவி, "என்ன மாப்பிள, சுகமா?" என்று கேட்டுவிட்டு, போனைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். குளிக்கப் போனார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து இசக்கிராஜின் வலது கால் பெருவிரல் வெளியே வந்தது.

விரல் நடுங்கியது. போனைத் தொட்டது, வழுக்கியது, திரும்பத் தொட்டது. ஒரு தள்ளலுக்கு அரை விரற்கடை நகர்ந்தது. அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விட்டுவிட்டு மூச்சு வாங்கினான். திரும்பத் தள்ளினான். ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். போன் மெத்தை விளிம்பைத் தாண்டி, கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய விரிப்பின்மேல் சத்தமில்லாமல் விழுந்தது. விரல் போர்வைக்குள் போயிற்று. இசக்கிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். உலகத்திலேயே அப்படி ஓர் அப்பாவித் தூக்கம் யாரும் தூங்கியிருக்க முடியாது.

பொன்மலர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். எத்தனை கண்ணாடி, எத்தனை ரிமோட், எத்தனை சாவிக்கொத்து. எல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் கிடைக்கும், எல்லாப் பழியும் தவசிமுத்துவின் மேல்தான் விழும். பச்சைப்பிள்ளை என்று முகம் துடைத்துவிட்டு வளர்த்த தம்பி, முப்பத்தெட்டு வயது களவாணியாக அங்கே படுத்திருந்தான். அவனுக்கும் ஒரு தொழில் இருந்திருக்கிறது. தினமும் வியர்வை சிந்தி உழைத்திருக்கிறான். அவளுக்குப் பெருமையில் அழுகை வந்தது.

"அண்ணாச்சிகிட்ட சொல்லுவீங்களா?" என்றாள் நிலோபர்.

"சொன்னா அந்த மனுசன் போனைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிடுவாரு. அப்புறம் இவன் பொழப்பு என்னாவும்?"

தவசிமுத்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "ஏட்டி, போனை எங்க வச்ச?" என்றார். உண்மை தெரிந்தபின் தனக்குக் கோபம் வராதே என்று பொன்மலர் பயந்துதான் இருந்தாள். பயமே தேவைப்படவில்லை. "கட்டில் ஓரத்துல வைக்காதீயன்னு எத்தனை தடவ சொல்லுதது?" என்ற வார்த்தை அதன் பாட்டுக்கு வந்தது, சூடும் குறையவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் நிலோபர் துண்டை எடுத்தாள். மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொன்மலர் தம்பியின் மடங்கிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுச் சராசரி அறுபது" என்றாள் நிலோபர்.

அங்கே அறுபத்தொன்று. நாலு நாள் மரியாதை கவிழ்த்துவிட்டது. ஒரே ஒரு புள்ளி.

"இருங்கக்கா, முடிக்கல. இல்லத்துக் கணக்கையும் நேத்து எடுத்துப் பாத்தேன். முதல் ஏழு நாள் அங்க கோடு மேஜையில வச்ச ஸ்கேல் மாதிரி நேரா ஓடுது. ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு. எட்டாம் நாள்தான் ஏறிருக்கு. எண்பதைத் தாண்டி. என்னன்னு போன் போட்டுக் கேட்டேன். அங்க ரெண்டு நர்சுங்க, ஆறு வருசமா ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. எட்டாம் நாள் ஒருத்தியோட காய்ச்சல் மானியக் காணோம்னு ஆரம்பிச்சிருக்கு. இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல."

"அங்கயும் பொருள் காணாமப் போவுதா?" என்றார் தவசிமுத்து ஆச்சரியமாக. "நம்ம வீடு மாதிரியே இருக்கே."

பொன்மலர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரித்துவிடுவாள். ஆனால் சிரிப்போடு இன்னொன்றும் உள்ளே இறங்கியது. தன்னை விட்டால் அவனுக்கு யாருமில்லை என்று நினைத்திருந்தாள். ஏழு நாள் போதுமாக இருந்திருக்கிறது அவனுக்கு, புது இடத்தில் ஒரு பிழைப்பைப் பார்த்துக்கொள்ள.

"ரெண்டு புள்ளிக்குள்ள இருந்தா சமம்னுதான் சட்டம்" என்றாள் நிலோபர். "சமமா வந்தா ஒரே ஒரு கேள்விதான். பாத்துக்கிடுறவங்களைக் கேக்கணும். அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"அவனுக்கு இங்க..."

"அவுங்களுக்கு இல்லக்கா. அவுங்களைக் கேட்டாச்சு. உங்களுக்கு."

இந்த நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் பொன்மலரிடம் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. 'நீ தெய்வம்மா' என்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள், தெய்வத்திடம் யார் போய் உனக்கு என்ன வேணும் என்று கேட்பார்கள்? அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே விழுந்து எதையும் சொல்லிவிடக் கூடாது என்று வாயை இறுக்கி மூடியிருந்தார்.

"எனக்கு" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த வார்த்தையே புதுச் செருப்பு மாதிரிக் கடித்தது. "எனக்கு மாசத்துல பத்து நாள் தூங்கணும்."

சொன்னதும் அழுதுவிட்டாள். நிலோபர் எழுதிக்கொண்டாள்.

"மிச்சம் இருபது நாள் அவன் இங்கதான் இருக்கணும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "இருபதுல ஒண்ணு கொறைஞ்சாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன். அங்க கேழ்வரகுக் கூழ் குடுக்கக்கூடாது, அதையும் எழுதிக்கிடுங்க."

"அப்படி ஏற்பாடு செய்யலாமான்னு கேக்க எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார் தவசிமுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி ஒன்றும் அழுக்காக இல்லை.

எல்லாம் எழுதி முடிந்தது. பொன்மலருக்குத்தான் கட்டில் பக்கம் திரும்பத் துணிவில்லை. பக்கத்திலேயே படுத்திருக்கிறான், எல்லாவற்றையும் கேட்டிருப்பான். அக்கா தன்னைத் தள்ளிவிடுகிறாள் என்று நினைத்திருப்பானோ? அந்த மனசு இப்போது எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ? "எவ்வளவு காட்டுது?" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"நீங்களே பாருங்க" என்றாள் நிலோபர்.

தொண்ணூற்று மூன்று. இந்தப் பத்து நாளில் அவ்வளவு உயரம் அந்தக் கோடு போனதில்லை. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

பொன்மலருக்குச் சுருக்கென்றது. அழுத கண்ணோடு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயெல்லாம் சிரிப்பாகக் கிடந்தான். வந்ததே அவளுக்குக் கோபம்.

"எல, போவச் சொன்னா இப்படியா சிரிப்ப? நான் இங்க நெஞ்சு வெடிச்சு நிக்கேன், ஒனக்கு ஒரு சொட்டு வருத்தம் இருக்கா? பத்து நாளு அங்க போயி எத்தனை குடியக் கெடுக்கலாம்னு இப்பவே திட்டம் போடுதியா? களவாணிப்பயலே, எனக்கு எல்லாம் தெரியும்ல."

தவசிமுத்து ஒன்றும் புரியாமல் நிலோபரைப் பார்த்தார். நிலோபர் பலகையை மூடிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அந்த அக்கா தம்பியோடு போட்ட முதல் சண்டை அது. ஒரு மணி நேரம் நடந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் அவன்தான் ஜெயித்தான்.